மின்சாரமும் இலவசக் கல்விதான்



நாம் கூடியிருப்பது ஹட்டனில். ஒரு பக்கம் காசல்ரீ, மறுபக்கம் மவுஸ்ஸாகலை. இந்த இரண்டு நீர்த்தேக்கங்களின் தண்ணீர்தான் லக்சபான, பொல்பிட்டிய என்று மின்நிலையம் மின்நிலையமாக இறங்கி நாட்டுக்கு வெளிச்சம் கொடுக்கிறது. தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டத்துக்காக வீடு வாசலை விட்டு எழும்பிப்போன குடும்பங்கள் உண்டு. 2012இல் 150 மெகாவாட் நிலையம் அங்கே இயங்கத் தொடங்கியது. தண்ணீரும் கொடுத்தோம், நிலமும் கொடுத்தோம். நான் கேட்கிறேன்: இந்த மலை பெற்ற மின்சாரம் இந்த மலைப் பிள்ளைகளின் படிப்புக்குப் போய்ச் சேர்ந்ததா?

"நாம் ஏழை நாடு, தொழில்நுட்பம் மெதுவாகத்தான் வரும், பொறுங்கள்" என்கிறார்கள். நான் மறுக்கிறேன். இந்த நாட்டில் அறிவுக்கு ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் நீர் மின்சாரத்தால் இந்தத் தீவை முன்னேற்றலாம் என்று 1918இலேயே கணக்குப் போட்டுக் கட்டுரை வாசித்தார். லக்சபான மின்நிலையம் இயங்கியது 1950இல். வழி தெரிந்த பின்னும் 32 வருடம் வீணாகப் போனது! கல்வி அமைச்சர் கன்னங்கர கொண்டுவந்த இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் கையேற்றதோ 1970களில். ஒரு தலைமுறைப் பிள்ளைகள் வாசலிலேயே நிறுத்தி வைக்கப்பட்டார்கள். நம்மை வறுமை மட்டும் பின்தள்ளவில்லை, தோழர்களே. ஒத்திவைப்பு பின்தள்ளியது. "பிறகு பார்க்கலாம்" என்ற அந்த ஒரு சொல் பின்தள்ளியது.

அதே சொல்லை இன்று கணினிக்கும் இணையத்துக்கும் சொல்கிறார்கள். 2020 மார்ச்சில் பாடசாலைகளைப் பூட்டினார்கள். பாடம் இனிக் கையடக்கத் தொலைபேசியில் வரும் என்றார்கள். அப்போது நாட்டில் ஐந்து வீட்டுக்கு ஏறக்குறைய ஒரு வீட்டில்தான் கணினி இருந்தது. தோட்டத்தில் அதிலும் மிகக் குறைவு. பதுளை மாவட்டத்து போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடிக் காட்டு வழியே நடந்து பாறை உச்சிக்கு ஏறினார்கள். ஆசிரியையும் கூடவே ஏறினார். அந்தப் படத்தை உலகமே பார்த்தது. பிள்ளைகளின் ஆர்வத்தைப் பாராட்டியவர்கள் பலர். பாராட்டு யாருக்கு வேண்டும்? ஒரு பிள்ளை பாடம் கேட்க மலை ஏற வேண்டியிருந்தால், வெட்கப்பட வேண்டியது நாடு!

அடுத்து வந்தது 2022. டொலர் இல்லை; டொலர் இல்லாததால் எண்ணெய் இல்லை; எண்ணெய் இல்லாததால் மின்சாரம் இல்லை. மார்ச் முடிவில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டு. மேல் மாகாணத்தில் கடதாசி இல்லாமல் தவணைப் பரீட்சையை ஒத்திவைத்தார்கள். ஆசிரியர் போக்குவரத்துக்குப் பெற்றோல் இல்லை என்று ஜூனில் நகரப் பாடசாலைகளை மூடினார்கள். ஒரு நாட்டின் வகுப்பறை, கப்பலில் வரும் எரிபொருளை நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

அந்த நெருக்கடியின் பாரம் யார் தலையில் விழுந்தது? 2022 ஆகஸ்டில் மின்கட்டணத்தைச் சராசரியாக 75 வீதம் கூட்டினார்கள். மாதம் 30 அலகுக்குக் குறைவாகப் பாவிக்கும் வீட்டுக்கு மட்டும் உயர்வு 264 வீதம். ஒன்பது வருடம் கட்டணம் கூட்டவில்லை, மின்சார சபைக்கு நட்டம் என்றார்கள். நட்டம் உண்மைதான். அந்த நட்டத்தை உண்டாக்கியது லயத்து அறையில் எரியும் ஒற்றை விளக்கா? பிள்ளையின் புத்தகத்துக்கு மேலே எரியும் விளக்கிலிருந்துதானா வசூலிக்க வேண்டும்?

2023 ஜனவரியில் உயர்தரப் பரீட்சை தொடங்கியது. மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் எழுதினார்கள். அந்த நாட்களிலும் மின்வெட்டு! பரீட்சை முடியும்வரை வெட்டாதீர்கள் என்று மனித உரிமைகள் ஆணைக்குழு தலையிட்டது. அப்போதும் வெட்டினார்கள். விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. பெப்ரவரி 17 வரை வெட்ட மாட்டோம் என்ற உறுதி அங்கேதான் கிடைத்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் மாணவரின் உரிமை என்பதை இந்த நாட்டின் உயர்ந்த மன்றம்வரை கொண்டுபோய்ப் பேசியாகிவிட்டது. பரீட்சை நாளில் அது உரிமை என்றால், அந்தப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் இரண்டு வருடத்தில் அது உரிமை இல்லையா?

வசதி இல்லை, பணம் இல்லை என்பார்கள். அந்த வாதத்தையும் நேருக்கு நேர் சந்திப்போம். 2025 ஏப்ரலில், புத்தாண்டு விடுமுறைக் காலத்தில், வீட்டுக் கூரையில் சோலார் வைத்திருப்பவர்கள் பகலில் அதை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபை கேட்டது. தேவைக்கு மேல் மின்சாரம் வந்ததாம்! அதற்கு இரண்டு மாதம் முன்பு, பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவை குறைந்து சோலார் நிறைந்திருந்த நேரத்தில் பாணந்துறை உபநிலையத்தில் கோளாறு ஏற்பட்டு நாடு முழுவதும் இருண்டது. பகலில் வெயில் மின்சாரம் வீணாகிறது. மாலை ஆறரைக்குப் பாவனை உச்சத்துக்குப் போகிறது. அப்போது எண்ணெய் எரிக்க வேண்டியிருக்கிறது. நடுவில் சேமித்து வைக்கப் போதிய பற்றரி இல்லை, வலையமைப்பும் பலப்படவில்லை. ஆகவே இயற்கை நம்மை வஞ்சிக்கவில்லை. திட்டமிடல்தான் வஞ்சிக்கிறது.

இப்போது பாடசாலையைப் பாருங்கள். காலை ஏழரைக்குத் தொடங்கிப் பகல் ஒன்றரைக்கு முடிகிறது. வெயில் நேரமும் படிப்பு நேரமும் ஒன்றாகவே அமைந்திருக்கின்றன. நாட்டில் ஏறக்குறைய 10,000 அரச பாடசாலைகள் இருக்கின்றன. அத்தனைக்கும் கூரை உண்டு. அந்தக் கூரையில் தகடு, அதற்குக் கீழே பற்றரி. பகலில் கணினி அறை நடக்கட்டும். பாடசாலை விட்டபின் மிஞ்சியதைச் சேமித்து, இரவு எட்டு மணிவரை ஒரு படிப்பு மண்டபம் எரியட்டும். லயத்தில் ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அந்த மண்டபம்தான் மேசை, அதுதான் நூலகம், அதுதான் இணையம்.

ஆகவே நம் கோரிக்கை மூன்று. ஒன்று: அரச பாடசாலையின் மின்கட்டணத்தையும் இணையக் கட்டணத்தையும் அரசாங்கமே முழுதாகச் செலுத்த வேண்டும். திறன்பலகையைக் கொடுத்துவிட்டு, அதற்கான மின்பட்டியலைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் வழியாகப் பெற்றோர் தலையில் கட்டாதே! இரண்டு: சோலாரும் பற்றரியும் வைக்கும் வேலையைத் தோட்டம், எல்லைக் கிராமம், தீவுப்பகுதிப் பாடசாலைகளில் தொடங்கு. கொழும்பிலிருந்து தொடங்கினால் நம் முறை வரும்போது இயந்திரமே பழசாகிவிடும். மூன்று: கருவியோடு ஆளையும் அனுப்பு. பழுது பார்க்கத் தெரிந்த ஒரு தொழில்நுட்ப உதவியாளரும், தமிழில் கணினி கற்பிக்கப் பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியரும் இல்லாத அறையில் கணினி தூசி பிடிக்கத்தான் செய்யும்.

இது சலுகை கேட்கும் கூட்டம் அல்ல. 1945இல் புத்தகமும் பள்ளிக்கூடமும் கல்வியாக இருந்தன. இன்று விளக்கும் இணைப்பும் சேர்ந்தால்தான் கல்வி. கல்வி இலவசம் என்று சட்டத்தில் எழுதிவிட்டு, அதற்குத் தேவையான வெளிச்சத்தைக் காசுக்கு விற்கும் அரசாங்கம் தன் வாக்கைத் தானே மீறுகிறது.

அடுத்த தேர்தலுக்கு வாக்குக் கேட்டுத் தோட்டத்துக்கு வருவார்கள். மாலையோடு வருவார்கள், மேளத்தோடு வருவார்கள். நீங்கள் ஒரே கேள்வி கேளுங்கள்: எங்கள் பாடசாலைக் கூரைக்கு எந்தத் திகதியில் வேலை தொடங்குவாய்? திகதியோடு பதில் எழுதி வாங்குங்கள். திகதி சொல்லாதவருக்கு வாக்கு இல்லை என்று இந்த மேடையிலிருந்தே அறிவிப்போம். இன்னொரு முப்பது வருடம் காத்திருக்க எங்கள் பிள்ளைகளை நாங்கள் விடமாட்டோம்!