கைப்பேசியும் கலியாணப் பத்திரிகையும்
(பழவேற்காட்டில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



நம் ஏரியின் பாடு முறையைப் பற்றி உங்களுக்கு யாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. முறையில் பெயரில்லாதவன் வலையோடு வந்தால், "நீ எந்தத் தலைக்கட்டு?" என்று கேளாமல் விடுகிறோமா? ஆயின் நம் கைப்பேசியினுள் எவன் வந்து வலையிட்டாலும் கேட்பாரில்லை.

2024-ஆம் வருஷம் நவம்பரில் ஹிமாசலப் பிரதேசப் போலீசார் ஓர் எச்சரிக்கை விடுத்தனர். வாட்ஸ்அப்பில் விவாகப் பத்திரிகை என்று வருவது பத்திரிகையன்று, 'ஏபிகே' என்னும் செயலிக் கோப்பு என்றனர். மலைநாட்டுச் சமாசாரம் என்றிருந்தோம். சென்ற தை மாதம் நம் சங்கக் குழுவிற்கே அவ்வாறொன்று வந்தது. அனுப்பியவர் நாமெல்லாம் மதிக்கும் பெரியவர். அவர் வீட்டில் மணவயதில் பெண்ணுமுண்டு. யாமும் விரலை வைத்துவிட்டோம். "நிறுவலாமா?" என்று கைப்பேசி வினவியபோதே ஐயம் பிறந்தது. பத்திரிகையைப் படிக்க நிறுவுதல் எதற்கு? பெரியவரைக் கேட்டால், தாம் ஒன்றும் அனுப்பவேயில்லை என்றார்!

சூது இதுதான். ஆண்ட்ராய்டு கைப்பேசி, கடைக்கு வெளியிலிருந்து வரும் செயலியை முதலில் தடுத்தே நிற்கும். 'அனுமதி' என்று தொடுபவர் நாமே. பின்னர் அச்செயலி குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். அதையுங் கொடுத்தால், வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எண் கள்வன் கைக்கும் போகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கடல் தடைக்காலத்திற்கென வரும் நிவாரணப் பணம் அந்தக் கணக்கில்தானே கிடக்கிறது! அன்றியும், அதே கோப்பு நம் பெயரால் நம் உறவினர்க்கெல்லாம் போய்ச் சேரும். ஆகவே மைத்துனன் அனுப்பினான் என்பது சாட்சியாகாது.

இதனால் செயலியே வேண்டாமென்பது எம் கருத்தன்று. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரின் மீனவர் செயலி காற்றையும் அலையையும் அறிவிக்கிறது. அதைப் பிளே ஸ்டோரிலிருந்தே பெறுக. அங்கும் கடன் செயலிகளில் ஜாக்கிரதை வேண்டும். அவை நம் தொடர்புப் பட்டியலைத் தொடலாகாதென்று ரிசர்வ் வங்கி 2022-இல் விதித்துள்ளது; அதைக் கேட்கும் செயலியை அப்பொழுதே நீக்குக.

தவறித் தொட்டுவிட்டாலோ, உடனே இணையத்தைத் துண்டித்து, வேறொரு கைப்பேசியிலிருந்து 1930-ஐயும் வங்கியையும் அழைக்க வேண்டும். தாமதித்தால் பணம் கணக்குவிட்டுக் கணக்கு மாறிவிடும். நம் பெண்டிர் பலர் ஏச்சுக்கு அஞ்சி இரண்டு நாள் மறைத்து வைக்கின்றனர். ஆடவர்களே, அன்றைக்கு மட்டுமேனும் வாயை அடக்குங்கள்.

அடுத்த கூட்டத்திற்கு யாவரும் கைப்பேசியுடன் வருக. அவ்வனுமதிகளை அணைக்கும் விதத்தை நம் வீட்டுப் பிள்ளைகள் காட்டித் தருவார்கள்.