இறைப்பு யந்திரம் இயங்க மறுத்தால்



பங்குனி வெயிலில் வெங்காயப் பாத்தி வெடிக்கத் தொடங்கும் வேளையில், ஒரு நாள் இறைப்புத் தவறினால் என்ன நேரும் என்பதை வலிகாமத்துத் தோட்டக்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத குடாநாடு அது. மேலே செம்மண், கீழே சுண்ணாம்புக்கல், அக்கல்லின் வெடிப்புகளில் நிற்கும் நீர். அந்நீரை நம்பியே அங்கு வேளாண்மை நடைபெறுகின்றது. துலா மிதித்துப் பட்டையால் நீர் இறைத்த காலத்தில் ஒரு வசதி இருந்தது. துலா முறிந்தால், முறிந்த இடம் கண்ணுக்குத் தெரியும். யந்திரம் நின்றுவிட்டால் நின்ற காரணம் வெளியே தெரிவதில்லை. கயிற்றை இழுத்து இழுத்துக் கை சோர்ந்த பின்னர், அயலில் உள்ள திருத்துநரைத் தேடி ஓடுகின்றோம். அவர் வருவதற்குள் உச்சி வெயில் ஏறிவிடுகின்றது.

இன்று பல தோட்டங்களுக்கு மின்மோட்டார் வந்துவிட்டது உண்மையே. எனினும் மின்கம்பி எட்டாத காணிகளிலும், குத்தகைக்கு எடுத்த நிலங்களிலும், பெற்றோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடும் சிறிய இரண்டங்குல யந்திரத்திற்கு இன்னும் வேலை இருக்கின்றது. அதன் நோய்களைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன்.

இவ்வகை யந்திரம் இயங்குவதற்கு மூன்று காரியங்கள் நிகழவேண்டும். எரிபொருளும் காற்றும் உரிய அளவிற் கலந்து சிலிண்டரினுள் வரவேண்டும். அக்கலவை அங்கே இறுக அமுக்கப்படவேண்டும். அமுங்கிய கணத்தில் தீப்பொறி தோன்றவேண்டும். இம்மூன்றில் எது தவறியது என்று கண்டுகொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஆயினும் அனுபவமுள்ள திருத்துநர் சாவியைக் கையில் எடுக்குமுன் ஒரு கேள்வி கேட்பார்: “நேற்று எப்படி நிப்பாட்டினனீங்கள், அண்ணை?” இக்கேள்வியின் பொருள் ஆழமானது. காலையில் யந்திரம் கிளம்பாததற்குரிய காரணம் பெரும்பாலும் முதல்நாள் மாலையிலேயே இருக்கின்றது. மண்ணெண்ணெய் குளிர்ந்த சிலிண்டரில் எளிதில் ஆவியாகாது. சூடேறிய யந்திரத்திலேதான் அது செவ்வனே எரியும். ஆகையால் நிறுத்துவதற்குச் சில நிமிடங்கள் முன்னரே மண்ணெண்ணெய்க் குழாயை மூடிப் பெற்றோற் குழாயைத் திறந்துவிட வேண்டும். அப்பொழுது காபரேற்றரின் கிண்ணத்தில் எஞ்சிய மண்ணெண்ணெய் எரிந்து தீர, பெற்றோல் வந்து நிரம்பும். அவசரத்தில் அப்படியே நிறுத்திவிட்டவர், மறுநாள் கிண்ணத்தின் அடியிலுள்ள சிறு திருகாணியைத் தளர்த்தி, உள்ளிருப்பதை ஒரு பேணியில் வடித்துவிட்டுப் பெற்றோலைத் திறந்தால் போதும். வடிக்கும்போது யந்திரம் ஆறியிருக்க வேண்டும். வாயிலுள்ள சுருட்டும் தூரத்தில் இருக்கவேண்டும்.

அதிலும் கிளம்பவில்லையா? ஒயில் மட்டத்தைப் பாருங்கள். புதிய யந்திரங்கள் சிலவற்றில், ஒயில் குறைந்தால் தீப்பொறியைத் தடுத்துவிடும் காவற்கருவி ஒன்று உண்டு. அதை அறியாதவர் பழுதில்லாத யந்திரத்தைக் கழற்றிப் பூட்டிக் களைத்துப் போவதுண்டு. ஒயில் குறையவே இல்லை என்று மகிழ்பவர்களுக்கும் ஒரு சொல்: மட்டம் கூடியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களின் ஓரமாகக் கசிந்து ஒயிலிற் கலந்திருக்கின்றது என்பதே அதன் பொருள். அவ்வாறு நீர்த்துப்போன ஒயில் உள்ளுறுப்புகளைத் தேயவிடும். அதனை உடனே மாற்றுக.

இனிப் பிளக்கிற்கு வருவோம். யந்திரத்தின் நோயை அதன் நாக்கைப் பார்த்துச் சொல்லலாம்; பிளக்கே அந்த நாக்கு. கழற்றியவுடன் அதன் முனை வெளிர்பழுப்பாக இருந்தால் நலம். கரி படிந்திருந்தால் காற்றுப் போதவில்லை. செம்மண் தூசி நிறைந்த தோட்டங்களில் காற்று வடிகட்டி அடைபட்டிருப்பதே இதற்கு வழக்கமான காரணம். கடற்பஞ்சு போன்ற வடிகட்டியைச் சவர்க்கார நீரிற் கழுவி, நன்றாக உலர்த்தி, சிறிது ஒயில் தடவிப் பிழிந்து மீண்டும் பொருத்தலாம். பிளக்கின் இரு முனைகளுக்கும் இடையே பொதுவாக 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர் வரை இடைவெளி வேண்டும். அளவுகோல் இல்லாதவர் வங்கி அட்டை ஒன்றின் தடிப்பைக் கொண்டு மதித்துக்கொள்ளலாம்.

பிளக் ஈரமாக இருந்தால், எரிபொருள் வருகின்றது, ஆனால் பற்றவில்லை. காற்றை அடைக்கும் சோக்கை மூடியபடி பலமுறை இழுத்ததால் மிகுதியாக வந்து நனைத்திருக்கவும் கூடும். பிளக்கைத் துடைத்து உலர்த்தி, சோக்கைத் திறந்து, பிளக் இல்லாமலே கயிற்றைச் சிலமுறை இழுத்து உள்ளிருப்பதை வெளியேற்றுக. சற்று நேரம் ஆவி கலையவிட்டு, எரிபொருட் குழாய்களை மூடியபின், தீப்பொறியைச் சோதிக்கலாம். தொப்பியிற் செருகிய பிளக்கின் உடல், பிளக் துவாரத்திற்கு எட்ட, யந்திரத்தின் உலோகத்தைத் தொட்டிருக்க வேண்டும். கயிற்றை இழுத்தால் நீலநிறப் பொறி தோன்றவேண்டும். தோன்றாவிடிற் புதிய பிளக் ஒன்றை இட்டுப் பார்க்க வேண்டும். அதன்பின்னரே சுருளைச் சந்தேகிக்கலாம்.

பிளக் உலர்ந்திருந்தால் எரிபொருள் வந்து சேரவில்லை. இதில் மிகவும் ஏமாற்றுவது தாங்கியின் மூடியிலுள்ள காற்றுத்துளை. அது அடைபட்டால் எரிபொருள் இறங்க இறங்கத் தாங்கியினுள் வெற்றிடம் உண்டாகி, யந்திரம் சிறிது நேரம் ஓடி நின்றுவிடும். மூடியைத் தளர்த்தியவுடன் மீண்டும் ஓடினால் கள்வன் அகப்பட்டான். மற்றையது, மாதக்கணக்கில் தேங்கிய பெற்றோல். அதிலுள்ள எளிதில் ஆவியாகும் பகுதி போய்விட, பிசின் போன்ற படிவு காபரேற்றரின் நுண்துளையை அடைத்துவிடும். அத்துளையை ஊசியாலோ கம்பியாலோ குத்துதல் ஆகாது. துளை பெருத்துவிட்டால் கலவையின் அளவு என்றென்றைக்கும் கெடும். கழுவிக் காற்றினால் ஊதுவதே முறை. 2022 ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறியதை அனுபவித்த விவசாயிக்குத் துளை பெருத்த காபரேற்றர் என்ன செலவு வைக்கும் என்று தெரியும்.

கயிற்றை இழுக்கும்போது எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால், அமுக்கம் இல்லை. பிளக் இறுக்கமாகத்தான் உள்ளதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கைதேர்ந்தவரிடம் கொண்டு செல்லுங்கள். வால்வும் வளையமும் கிணற்றடியிற் பார்க்கத் தக்கவையல்ல.

கொழும்பிற் புல்வெட்டும் யந்திரம் வைத்திருக்கும் நேயர்களுக்கும் மேற்கூறியவற்றுட் பல பொருந்தும். கத்தி கல்லில் மோதி நின்றபின் கிளம்ப மறுத்தால் மாத்திரம், சுழற்சிச் சில்லைப் பிடித்திருக்கும் சிறு ஆப்பு நசுங்கித் தீப்பொறியின் நேரம் பிசகியிருக்கலாம். கத்தியைத் தொடுமுன் பிளக்கின் தொப்பியைக் கழற்றிவிடுங்கள்.

யந்திரம் கிளம்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கோடையிற் கிணற்று நீர் கீழே போய்விடுகின்றது. உறிஞ்சும் யந்திரம் எதுவாயினும், நடைமுறையில் ஏறத்தாழ 25 அடிக்குமேல் நீரை இழுக்கமாட்டாது. இது வளிமண்டல அமுக்கம் விதித்த எல்லை. ஆகவே யந்திரத்தையே கயிற்றிற் கட்டிக் கிணற்றினுள் இறக்கி, உள்ளே ஒரு தட்டிற் பொருத்தி ஓட்டுகின்ற எண்ணம் சிலருக்கு உண்டாகின்றது. தயவுசெய்து அவ்வாறு செய்யாதீர்கள். புகைக்குழாயிலிருந்து வரும் காபன் மொனொட்சைட்டு வாயுவிற்கு நிறமில்லை, மணமில்லை. காற்றோட்டமற்ற கிணற்றில் அது விரைவில் நிறைந்து, குருதியில் ஒட்சிசன் இருக்கவேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கின்றது. ஒட்சிசனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேற்பட்ட பற்றுதல் அதற்கு உண்டு. இறங்கியவர் தலை சுற்றுகின்றது என்று சொல்வதற்குள்ளேயே வலுவிழந்து விழக்கூடும். அவரைத் தூக்கச் சென்ற தம்பியும், தம்பியைத் தேடி இறங்கிய தகப்பனும் அவ்வாறே போவதுதான் இதிலுள்ள பெருங்கொடுமை.

யந்திரம் கிணற்றினுள் ஓடியிருந்தால், நிறுத்தி நெடுநேரம் ஆனபின்னும் எவரும் உள்ளே இறங்கலாகாது. ஒருவர் விழுந்துவிட்டால், கயிறு கட்டியிருப்பின் மேலிருந்தே இழுங்கள். 1990 என்ற இலக்கத்திற்கு அழைத்து அம்புலன்சை வரவழையுங்கள். காற்றுக் கருவி அணிந்த தீயணைப்புப் படையினரே இறங்கத் தக்கவர்கள். நீர் 25 அடிக்குக் கீழே போய்விட்ட கிணற்றுக்கு நீரில் அமிழ்ந்து இயங்கும் மின்பம்பி ஒன்றைத் தேடுங்கள். அது கிடைக்கும்வரை பாத்திகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.