கோடைக்குள் அடங்கும் பாதை

அமெரிக்காவில் ஜூன் மாதம் உயர்நிலைப் பள்ளியை முடித்து, ஆகஸ்டு இறுதியில் கல்லூரி புகவிருக்கும் பிள்ளைகள் சிலர், இடைப்பட்ட அவகாசத்தில் நெடுந்தூர நடைப்பிரயாணம் ஒன்றை உத்தேசித்துத் தேசப்படத்தை விரித்தால், அவர்கள் கண்ணை முதலில் இழுப்பது, ஜார்ஜியாவில் தொடங்கி 14 மாநிலங்களைக் கடந்து மெய்னில் முடியும், ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பலாச்சியன் பாதைதான். ஆனால் அதை முழுவதும் நடக்கச் சாதாரணமாக ஐந்தாறு மாதங்கள் வேண்டுமே! ஆகவே விவேகிகள், கலிபோர்னியாவில் யோசெமிட்டி பள்ளத்தாக்கிலிருந்து விட்னி சிகரம் வரை சுமார் 340 கிலோமீட்டர் செல்லும் ஜான் மியூர் பாதையோடு திருப்தியடைகிறார்கள்; மூன்று வாரம் போதும். அதற்கும் அனுமதிச் சீட்டு குலுக்கலில் விழவேண்டும். பிறகு, கல்லைத் தின்றாலும் ஜீரணிக்கும் அந்த வயதில், பல நாள் ஆகாரம் முழுவதையும் கரடியால் திறக்க முடியாத ஒரு டப்பாவுக்குள் திணித்து, வாசனையுள்ள பதார்த்தம் என்பதால் பற்பசைக்கும் அதிலேயே இடம் ஒதுக்கவேண்டும். பற்பசையா, கடைசிச் சாக்லேட்டா என்ற தர்க்கத்தில் எந்தக் கட்சி ஜயிக்கும் என்பதை நேயர்களே அனுமானித்துக்கொள்ளலாம்.