வலிக்காது என்று சொல்லாதீர்கள்

இன்று செவிலியர் பட்டம் பெறும் பிள்ளைகளே!

நாளை முதல் ஊரே உங்களை 'சிஸ்டர்' என்று கூப்பிடும். அதில் பாதி வலியில் கூப்பிடுவதாகத்தான் இருக்கும். அதனால் வலியைப் பற்றியே பேசிவிட்டுப் போகிறேன்.

தீக்காய வார்டில் கட்டுப் பிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். சலைன் விட்டு ஊறவைத்தாலும் காஸ் துணி புண்ணை விடாது. நீங்கள் ஓரத்தைத் தூக்குவதற்குள் நோயாளி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்வார். படுத்திருக்கும்போது மார்ஃபினுக்கு அடங்கிக் கிடந்த வலி, காயக் கட்டின் மேல் கை பட்டதும் எழுந்துவிடும்.

அமெரிக்காவில் சியாட்டில் நகரின் ஹார்பர்வியூ தீக்காய மையத்தில், ஹன்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1990களில் இந்த நேரத்துக்கென்றே ஒரு வழி தேடினார்கள். கண்ணை மூடும் விஆர் எனும் மெய்நிகர் கருவியை நோயாளிக்கு மாட்டினார்கள். பிறகு இதற்காகவே 'ஸ்னோவேர்ல்டு' என்ற விளையாட்டை உருவாக்கினார்கள். பனிப் பள்ளத்தாக்கில் மிதந்துகொண்டே பனிமனிதர்கள் மேல் பனி உருண்டை எறிய வேண்டும். தீயில் வெந்தவருக்குப் பனி, நன்றாக யோசித்திருக்கிறார்கள். வலி குறைந்ததாக நோயாளிகள் சொன்னார்கள். 2004இல் தன்னார்வலர்களின் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, வலியை உணரும் பகுதிகளின் வேலையும் குறைந்திருந்தது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. வலியைக் கூட்டுவதிலும் குறைப்பதிலும் மூளைக்குப் பங்கு உண்டு என்பதை மெல்சாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1965லேயே எழுதிவிட்டார்கள். கவனம் வேறு இடத்தில் இருந்தால் வலிக்குக் கிடைப்பது மிச்சம்தான்.

சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்த வி.எஸ். ராமச்சந்திரனுக்கு கணினிகூடத் தேவைப்படவில்லை. கை இழந்தவர்களில் சிலருக்கு இல்லாத கை இறுக மூடிக்கொண்டு வலிக்கும். ஒரு பெட்டி, நடுவில் ஒரு கண்ணாடி. நல்ல கையை உள்ளே விட்டால் அதன் பிம்பம் போன கையாகத் தெரியும். விரல்களை விரித்ததும் சிலருக்கு அந்த இறுக்கம் விட்டது. 1990களில் அவர் செய்த அந்தப் பெட்டியும் ஒரு மெய்நிகர் கருவிதான். விலை மட்டும் மலிவு.

நாள்பட்ட இடுப்பு வலிக்கு ஒரு விஆர் கருவியை அமெரிக்க மருந்துத் துறை 2021 நவம்பரில் அனுமதித்தது. ஆனாலும் இது மருந்துக்கு மாற்று இல்லை. முகத்தில் காயம் உள்ளவருக்கு மாட்ட முடியாது. சிலருக்குக் குமட்டும். ஒருவருக்கு மாட்டியதைத் துடைக்காமல் அடுத்தவருக்கு மாட்டினால் கிருமியும் கூடவே போகும்.

எனக்கு ஓர் ஆசை. பனியையே பார்க்காத நம் பிள்ளைக்குப் பனிமனிதன் எதற்கு? ஆடிப்பெருக்குக் காவிரியில், இந்த முசிறிக் கரையிலிருந்து எதிரே குளித்தலைக்குப் பரிசல் தள்ளும் விளையாட்டை யாராவது செய்யட்டும். சும்மா பார்க்கிற படமாக இருக்கக் கூடாது; துடுப்பு பிள்ளையின் கையில் இருக்க வேண்டும்.

அதுவரை உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஊசியைப் பின்னால் மறைத்துக்கொண்டு "எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும் கண்ணு, வலிக்கவே வலிக்காது" என்கிறோமே, அதை விடுங்கள். அடுத்த முறை அந்தப் பிள்ளை உங்களை நம்பாது. கொஞ்சம் வலிக்கும் என்று சொல்லிவிட்டு, வீட்டு ஆட்டுக்குட்டியின் பெயரைக் கேளுங்கள். கட்டுப் பிரிக்கப் போகும்போது, வலி மருந்து எப்போது கொடுத்தார்கள் என்று சார்ட்டைப் பாருங்கள். அது வேலை செய்ய நேரம் கொடுத்துவிட்டு, பிறகு கட்டைத் தொடுங்கள்.