மார்லி கொண்டுவந்த எச்சரிக்கை
(பழைய மாணவிகள் சங்க நத்தார் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நத்தாருக்குப் பேய்க்கதையா என்று சிலர் கேட்டீர்கள். சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1843 டிசெம்பர் 19இல் வெளியிட்ட 'எ கிறிஸ்மஸ் கரோல்' பேய்க்கதைதான். பாடசாலையில் நாம் சுருக்கப் பதிப்பாக வாசித்தது. சுரங்கங்களிலும் ஆலைகளிலும் வேலைசெய்த பிள்ளைகள் பற்றிய அரசாங்க அறிக்கையை வாசித்துக் கொதித்தவர், முதலில் துண்டுப்பிரசுரம் எழுதவே எண்ணினார். பிறகு கதைதான் பலமாக உறைக்குமென்று மனம் மாறினார். தந்தை கடனுக்காகச் சிறையிலிருக்க, பன்னிரண்டு வயதில் சப்பாத்து மை செய்யும் இடத்தில் வேலைக்குப் போனவரல்லவா!

உலோபி ஸ்குரூஜிடம், ஏழு வருடங்களுக்கு முன் இறந்த வியாபாரப் பங்காளி மார்லி வருகிறார். இடுப்பிலே சங்கிலி. அதில் காசுப்பெட்டி, திறப்பு, பூட்டு, கணக்குப் புத்தகம். நாடியைச் சேர்த்துக் கட்டிய துணியை அவிழ்த்ததும் கீழ்த்தாடை நெஞ்சில் விழுகிறது. அந்தக் கட்டு எதற்கென்று செத்தவீட்டில் நின்ற எவருக்கும் தெரியும்.

வைத்தியத்துறைக்குப் போன எங்களுக்குப் பிடித்த இடம் அதற்குச் சற்று முன்னே. செமிக்காத மாட்டிறைச்சி, கொஞ்சம் கடுகு, சீஸ், அரைவேக்காட்டு உருளைக்கிழங்கு, இவைதான் பேயாகத் தெரிகிறது என்கிறார் ஸ்குரூஜ்! நெஞ்சு நோவோடு வந்து, "வாய்வுதான் டொக்டர், இராத்திரி பருப்பு சாப்பிட்டனான்" என்பவர்களை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். ஈசிஜி எடுக்கச் சம்மதிக்க வைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும்.

மார்லி கள்ளனல்ல, கொலைகாரனுமல்ல. ஒழுங்காகக் கணக்கு வைத்த வியாபாரி. கந்தோரைத் தாண்டி அவர் மனம் போகவில்லை, அவ்வளவுதான். வோர்ட், கிளினிக், சனலிங் என்று ஓடும் எங்கள் சங்கிலியில் என்ன தொங்குமென்று எங்களுக்குள் சிரித்துக்கொண்டோம். சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை.

போகும்போது யன்னல் தானே திறக்கிறது. வெளியே ஆகாயம் நிறையப் பேய்கள். கணுக்காலில் இரும்புப் பெட்டகம் பூட்டிய ஒருவர், கீழே வாசற்படியில் கைக்குழந்தையோடு இருக்கும் பெண்ணுக்கு உதவ முடியாமல் அழுகிறார். டிக்கன்ஸ் நெருப்பைக் காட்டவில்லை. உதவும் ஆசையைக் கொடுத்து, சக்தியை எடுத்துவிடுகிறார்.

ஸ்குரூஜ்? உடுப்பும் மாற்றாமல் கட்டிலில் விழுந்து தூங்கிவிடுகிறார். ஓர் எச்சரிக்கை போதாதென்று டிக்கன்ஸ் மேலும் மூன்று ஆவிகளை அனுப்பினார். சலரோகக் கிளினிக்கில் நாங்கள் அனுப்புவது அதைவிடக் கூட.