ஒருவன் சாய்ந்தான், படை கலைந்தது!

வெற்றி கைக்கெட்டும் தொலைவில் நிற்கிறது, மாற்றான் அணி சிதறுகிறது, வீரர்கள் ஆர்ப்பரிக்கின்றனர். அந்த வேளையில் ஒருவன் சாய்கிறான். உடனே படை முழுவதும் கலைகிறது! கற்பனையல்ல, 1043-ஆம் ஆண்டு, மாசிடோனிய மண்ணில், ஆஸ்ட்ரோவோ களத்தில் நடந்தது.

சாய்ந்தவன் ஜார்ஜ் மானியாகிஸ். பைசாண்டியப் பேரரசின் தளபதி. 1031-இல் எடெஸ்ஸா நகரைப் பிடித்தவன். சிசிலித் தீவில் இறங்கிச் சைரக்யூஸ் நகரை மீட்டவன். அவனுக்குக் கிடைத்த பரிசு என்ன? பட்டமா, பாராட்டா? சிறைக்கூடம்! எதிரியைத் தப்பவிட்ட கடற்படைத் தலைவனை அடித்தான். அவனோ மன்னனின் உடன்பிறந்தாள் கணவன். கோள் மூட்டினான், 1040-இல் வீரன் விலங்கு பூண்டான்.

1042-இல் இத்தாலியில் இடர் முற்றியதும் சிறைக்கதவு திறந்தது. 'போய்க் காப்பாற்று' என்றனர், போனான். அவன் களத்தில் நிற்க, புது மன்னன் ஒன்பதாம் கான்ஸ்டன்டைனின் காதற்கிழத்திக்கு உடன்பிறந்த ரோமானஸ் ஸ்கிலிராஸ், தளபதியின் உடைமையைச் சூறையாடினான். இல்லத்தின் மானத்தையும் குலைத்தான். பதவியும் பறிபோயிற்று. முறையிட மன்றம் ஏது? தானே பேரரசன் என்று முழங்கிக் கடல் கடந்து வந்தான். வென்றுகொண்டிருந்தவன் காயம்பட்டு வீழ்ந்தான். அவன் தலை தலைநகர் வீதியில் வலம் வந்தது!

அதே 1042-ஆம் ஆண்டு, ஏப்ரல் திங்களில், கான்ஸ்டாண்டிநோபிள் வீதிகளில் நடந்ததையும் பாருங்கள். அரசி ஸோயியை நாடு கடத்தினான் ஐந்தாம் மைக்கேல். கொதித்தனர் மக்கள், கையில் கிடைத்ததை எடுத்தனர், பெண்களும் திரண்டனர். பலர் மாண்டனர்; எனினும் எழுச்சி ஓயவில்லை. சில நாட்களில் மன்னன் அரியணை இழந்தான்!

அவர்கள் கேட்டது குடியாட்சியன்று, பழைய அரசகுலத்தைத்தான். உண்மை. ஆயினும் ஏன் எழுந்தோம் என்பதை ஒவ்வொருவரும் அறிந்திருந்தனர். ஆகவே ஒருவர் வீழ்ந்தால் மற்றவர் நின்றனர். மானியாகிஸின் படையோ அவனை மட்டுமே அறிந்திருந்தது. அவனுக்கு நேர்ந்தது அநீதி, ஆனால் அது அவன் ஒருவனின் குறையாகவே இருந்தது, நாட்டாரின் குறையாகவில்லை.

தோழர்களே! தலைவர் பெயரை முழங்கும் தோழர் உங்கள் ஊர்க் கிளையிலும் இருப்பார். அவரிடம் அன்போடு கேளுங்கள்: "தலைவர் இல்லாத நாளில், எதைச் சொல்லி மக்களிடம் செல்வாய்?" விடை வருமானால், கிளை நிலைக்கும். வராவிடின், இன்றே அமர்ந்து பேசத் தொடங்குங்கள்.

கொடியை ஒருவர் ஏந்தலாம். கொள்கையை ஒவ்வொருவரும் ஏந்த வேண்டும்!