பட்டாளத்திற்கு நாள் குறித்த பஞ்சாங்கம்

(கடலூர் சிப்காட் தொழிற்பேட்டைக் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போகாமல் வந்திருக்கிறீர்கள். உங்களை ஒன்று கேட்கிறேன். ஆலையில் ஒரு யந்திரம் ஆளைக் கொல்லுகிறதென்று தெரிந்தால் அன்றைக்கே நிறுத்துவதா, அல்லது முதலாளி வீட்டுக் கலியாணம் முடியட்டும் என்று ஓட்டிக்கொண்டிருப்பதா? இலங்கையிலிருந்து இந்தியப் பட்டாளம் திரும்பிய கதை அப்படிக் கலியாணத்திற்குக் காத்திருந்த கதைதான்.

1987 ஜூலை 29-ல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தம் செய்தார்கள். தமிழரைக் காக்கப் போவதாகச் சொல்லிப்போன அமைதிப்படை அக்டோபரில் புலிகளோடு யுத்தம் ஆரம்பித்தது. அதே மாதம் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ளேயே டாக்டர்களும் நோயாளிகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

1988 டிசம்பரில் அங்கே ஜனாதிபதி தேர்தல். இந்தியப் பட்டாளத்தை வெளியேற்றுவேன் என்றார் பிரேமதாசா. எதிர்த்து நின்ற சிறிமாவோ அம்மையாரும் அதையேதான் சொன்னார். செத்த தமிழனுக்காக இரங்கியா? சிங்கள ஓட்டுக்காக, தோழர்களே! ஜெயித்த பிரேமதாசா 1989 ஜூன் 1-ல், ஜூலை 29-க்குள் போய்விடவேண்டுமென்று கெடு வைத்தார். போதாததற்குப் புலிகளுக்கு ஆயுதமும் கொடுத்தார்.

இங்கே ராஜீவ் காந்தி, தமிழர் பாதுகாப்புக்கு வழி செய்யாமல் வரமாட்டோம் என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஜூலை 29-ல் கொஞ்சம் பேரை மட்டும் கப்பலேற்றிக் காட்டினார்கள். செப்டம்பர் 18-ல் கையெழுத்தானபோது குறித்த கெடு டிசம்பர் 31. நமது பார்லிமெண்டுத் தேர்தலோ நவம்பர் 22 முதல் 26 வரை! புரோகிதன் முகூர்த்தம் வைப்பதற்காவது ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது. இது எந்தப் பஞ்சாங்கம்? தேர்தலுக்குமுன் எல்லோரும் திரும்பிவிட்டால் தோற்று வந்ததாக எதிரிகள் பேசுவார்கள் அல்லவா?

கப்பல் வேண்டும், நாள் பிடிக்கும் என்பார்கள். மெய்தான். ஆனால் அமெரிக்காவைப் பாருங்கள். வியட்நாமைவிட்டு 1971-க்குள் முழுதும் வெளியேறினால் 1972 தேர்தலுக்குமுன் சங்கடம் வரலாம் என்று கிஸ்ஸிங்கர் சொன்னதை, நிக்சனுடைய காரியஸ்தர் ஹால்ட்மன் 1970 டிசம்பரிலேயே டைரியில் எழுதிவைத்தார். நம்மவர் விஷயத்தில் டைரி வேண்டியதில்லை, தேதியே போதும்.

இந்த இழுபறிக்கு விலை கொடுத்தவர்கள் யார்? வடகிழக்கில் பள்ளிக்கூடப் பிள்ளைகளையெல்லாம் 'தமிழ் தேசிய ராணுவம்' என்று பிடித்துக்கொண்டுபோய்த் துப்பாக்கி கொடுத்தார்கள். பட்டாளம் நகர்ந்ததும் அந்தப் பிள்ளைகள் புலிகளிடம் சிக்கிச் செத்தார்கள். இந்தியச் சிப்பாய்களிலும் ஆயிரம் பேருக்குமேல் திரும்பவில்லை.

இவ்வளவுக்கும் ராஜீவ் காந்தி தேர்தலில் தோற்றார். கடைசிப் பட்டாளம் வி.பி. சிங் காலத்தில், 1990 மார்ச் 24-ல் திருகோணமலையை விட்டது. சென்னைத் துறைமுகத்தில் வரவேற்க முதல்வர் கருணாநிதி போகவில்லை. தமிழர் மனம் அப்படியிருந்தது. மூன்றே மாதத்தில், ஜூனில், பிரேமதாசா சர்க்காருக்கும் புலிகளுக்கும் யுத்தம் மூண்டது. அப்போது இரண்டு தேசத்திலும் தேர்தல் முடிந்துபோயிருந்தது.